நன்னடத்தை அலுவலகக் கதவைத் திறந்துவிடுங்கள்: குற்றவியல் முதுகலைப் படிப்பு குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
உள்துறைச் செயலாளர் அவர்கள், தமிழ்நாடு அரசு
உயர்கல்வித் துறைச் செயலாளர் அவர்கள், தமிழ்நாடு அரசு
குற்றவியல் முதுகலைப் பாடத்திட்டக் குழுக்களின் தலைவர்களும் உறுப்பினர்களும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பத்தையும் சூழலையும் விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் நன்னடத்தை அலுவலராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு, குற்றவியலும் குற்றவியல் நீதி நிர்வாகமும் பயிலும் முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளை மதிப்பிடவும் அவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்தவும் வெளித்தேர்வாளராக அவ்வப்போது அழைக்கப்படுகிறேன். அலுவலகத்தில் கண்டதையும் தேர்வறையில் காண்பதையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் தோன்றியதைத் தங்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன்.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த முதுகலைப் படிப்பின் நான்கு பருவங்களில் ஒரு முழுப் பருவம், நன்னடத்தை அலுவலகத்திலும், சிறுவர்கள் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்திலும், சிறையிலும் செய்யும் களப்பயிற்சியாக அமைய வேண்டும். அந்தப் பயிற்சியோடு வெளிவருகிறவர்களை அரசு தன் நன்னடத்தைப் பணிக்கு எடுத்துக்கொள்ளும் வகையில் தேர்வுமுறை மாற வேண்டும். முதலாவது பல்கலைக்கழகங்களின் பொறுப்பு என்றாலும் உள்துறை அனுமதிக்காமல் அது நடக்காது. இரண்டாவது அரசின் பொறுப்பு என்றாலும் பயிற்சி பெற்றவர்கள் இல்லாமல் அதைக் கேட்பதில் பொருளில்லை. தனித்தனியே எழுதினால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிடக்கூடும் என்பதால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன்.

இந்தப் படிப்பு நம் மாநிலத்துக்குப் புதியதன்று. 1959இல் மத்தியப் பிரதேசத்தின் சாகர் பல்கலைக்கழகம் குற்றவியலுக்கும் தடய அறிவியலுக்குமாக நாட்டின் முதல் துறையைத் தொடங்கியது. 1970இல் இந்தியக் குற்றவியல் சங்கம் அமைந்தபோது அதற்குத் தலைமையிடமாக இருந்தது சென்னைப் பல்கலைக்கழகம். நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்கென ஒரு துறை இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வில் குற்றவியல் தனிப் பாடமாகவே இடம்பெற்றுள்ளது. பணியிலிருக்கும் காவலர்கள் தொலைநிலைக் கல்வியில் இதைப் படிக்கிறார்கள். அண்மைக் காலமாகத் தனியார் கல்லூரிகளும் ஆர்வத்தோடு இதைத் தொடங்குகின்றன. அவற்றின் விளம்பரத் தட்டிகளில் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கைரேகையும்தான் பெரிதாக இருக்கின்றன. தடயங்களை ஆய்வகத்தில் சோதிக்கும் தடய அறிவியல் வேறு, குற்றம் ஏன் நிகழ்கிறது என்று ஆராயும் குற்றவியல் வேறு என்பதைச் சேர்க்கையின்போதே யாரும் சொல்லாததால், ஆய்வகம் கிடைக்கும் என்று நம்பி வந்து முதல் பருவத்திலேயே ஏமாந்துபோன பிள்ளைகளை நான் சந்தித்திருக்கிறேன். அது தனிக் குறை. இங்கே அதை வளர்க்கவில்லை.

இப்படிப்பில் சேர்பவர்களில் பெரும்பாலோர் காவல் உதவி ஆய்வாளர் தேர்வை மனத்தில் வைத்தே வருகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் அந்தத் தேர்வுக்கு எந்தப் பட்டம் இருந்தாலும் போதும். ஆகவே இரண்டாண்டு படித்த ஒருவருக்குப் படித்தது கைகொடுக்கும் ஓர் இடம் வேறெங்காவது இருக்க வேண்டும். இருக்கிறது; ஆனால் அந்த இடத்தை நாம் அவர்களுக்குக் காட்டுவதுமில்லை, அங்கே போய்ப் பழக விடுவதுமில்லை.

தேர்வறையில் என் கைக்கு வரும் ஆய்வேடுகளைப் பற்றிச் சொன்னால் நிலைமை விளங்கும். இணையவழிப் பண மோசடி குறித்த கல்லூரி மாணவர்களின் விழிப்புணர்வு, காவல்துறை மீது பொதுமக்களின் மனப்பான்மை, சமூக ஊடகத் தொல்லைகள் குறித்து மாணவியரின் கருத்து என்று தலைப்புகள் ஒரு சில வகைக்குள் அடங்கிவிடும். மாதிரியாக எடுக்கப்பட்ட அறுபது, எழுபது பேரில் பாதிக்கு மேல் அதே வளாகத்தில் படிப்பவர்களாகவே இருப்பார்கள். கூகுள் படிவத்தில் ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ தொடங்கி ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து வட்டங்கள். அவற்றைக் கூட்டிக் கழித்து, இரு பிரிவினரின் சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை என்ற புள்ளியியல் கணக்கு ஒன்று. கடைசி அத்தியாயத்தில் பாலினத்துக்கும் விழிப்புணர்வுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை என்ற முடிவு. தங்க நிற எழுத்தில் அட்டை கட்டிய அந்த ஏட்டைப் புரட்டி முடித்ததும் நான் வழக்கமாகக் கேட்பது ஒன்று உண்டு: “குற்றம் சாட்டப்பட்ட யாரோடாவது உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா?” பெரும்பாலும் வரும் பதில், கல்விச் சுற்றுலாவாக ஒருநாள் மத்திய சிறைக்குப் போனோம், அங்கே பேக்கரியையும் நெசவுக்கூடத்தையும் காட்டினார்கள் என்பதுதான். முதுகலைக் குற்றவியல் மாணவருக்குக் குற்றவாளி என்பவர் ரொட்டி சுட்டுக்கொண்டு தூரத்தில் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர்.

மாணவர்கள் சோம்பேறிகள் என்று நான் சொல்லவில்லை. பிணையில் வெளிவரும் விசாரணைக் கைதிகள் முதல் வாரத்தை எங்கே, யாரோடு, எந்த வருமானத்தில் கழிக்கிறார்கள் என்று ஆராய விரும்பிய மாணவி ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல கேள்வி, நாட்டிலேயே சரியாக விடை தேடப்படாத கேள்வி. துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதம், போனஃபைட் சான்றிதழ், வினாநிரலின் படிகள், ஆய்வுச் சுருக்கம் எல்லாவற்றையும் இணைத்து உரிய அலுவலகத்துக்கு விண்ணப்பித்தார். விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, விளக்கம் கொடுத்தார். அதன்பின் கோப்பு எந்த மேசையில் தங்கியது என்பது அவருக்குத் தெரியவில்லை. அனுமதி மறுக்கப்படவும் இல்லை, தரப்படவும் இல்லை. பருவம் முடியப்போகிறது என்ற நெருக்கடியில் வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னபடி, இருசக்கர வாகன ஓட்டிகள் தலைக்கவசம் அணிவது குறித்த மனப்பான்மை என்று தலைப்பை மாற்றிக்கொண்டார். அந்த ஏட்டுக்கு மதிப்பெண் போட்டவன் நான்தான். முறைப்படி அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இனி, இந்த மாணவர்களுக்கு நாம் காட்டாத இடத்துக்கு வருகிறேன்.

1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடுவிப்பதைப் பற்றி முடிவெடுக்கும் முன், நன்னடத்தை அலுவலரின் அறிக்கை இருந்தால் அதைக் கருத்தில் கொள்ளுமாறு நீதிமன்றத்துக்குச் சொல்கிறது. 6ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், 21 வயது நிறையாதவர் என்றால் அந்த அறிக்கையைக் கேட்டுப் பெற்றே ஆக வேண்டும் என்கிறது. சென்னை மாகாணம் இதற்கு இருபதாண்டுகளுக்கும் முன்பே, 1936இல், தனக்கென ஒரு நன்னடத்தைச் சட்டத்தை இயற்றிக்கொண்டது என்பதை இங்கே நினைவுபடுத்த விரும்புகிறேன். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, சட்டத்துடன் முரண்பட்ட ஒரு சிறுவர் குழுமத்தின் முன் முதன்முறை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 15 நாட்களுக்குள் சமூக விசாரணை அறிக்கை வர வேண்டும். பதினாறு வயது நிறைந்த ஒருவர் கொடுங்குற்றம் புரிந்ததாகச் சொல்லப்பட்டால், அவருடைய மன, உடல் திறனையும் விளைவை உணரும் ஆற்றலையும் குற்றம் நிகழ்ந்த சூழ்நிலையையும் 15ஆம் பிரிவின்கீழ் குழுமம் முதல்நிலையாக மதிப்பிட வேண்டும். அவரை வயது வந்தவராகக் கருதி விசாரிப்பதா என்பது அதைப் பொறுத்தே முடிவாகிறது. ஒரு பிள்ளையின் வாழ்வு எந்தப் பக்கம் திரும்பும் என்பதை இவ்வாறு சில தாள்கள் தீர்மானிக்கின்றன.

அந்தத் தாள்களில் என்ன எழுதப்படுகிறது? “தந்தை குடிப்பழக்கம் உடையவர். தாய் கூலி வேலைக்குச் செல்கிறார். குடும்பச் சூழல் சரியில்லை. தீய நண்பர்களின் சேர்க்கையால் இக்குற்றத்தில் ஈடுபட்டுள்ளார். நன்னடத்தையில் விடுவிக்கலாம்.” பெயரையும் வயதையும் மாற்றினால் எந்த மாவட்டத்துக்கும் எந்த வழக்குக்கும் பொருந்திவிடும் அறிக்கை இது. இப்படி எழுதுகிறவர்கள் மனசாட்சியற்றவர்கள் அல்லர். கையில் இருக்கும் கோப்புகளின் எண்ணிக்கையும் ஒரே நாளில் போய்ப் பார்க்க வேண்டிய ஊர்களின் தொலைவும் அவர்களை அந்த ஐந்து வாக்கியங்களுக்குக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. வேறு விதமாக எழுத யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை.

இதில் எனக்குத் தீராத வியப்பு ஒன்று உண்டு. ‘தீய நண்பர்களின் சேர்க்கை’ என்று அலுவலர் எழுதும் அதே செய்தியை அமெரிக்கரான எட்வின் சதர்லேண்ட் ஒரு கோட்பாடாகவே வகுத்தார். குற்றம் பிறரோடு பழகிக் கற்றுக்கொள்ளப்படுவது என்று அவர் சொன்னதோடு நின்றுவிடவில்லை. அந்தப் பழக்கம் எவ்வளவு அடிக்கடி நேர்கிறது, எவ்வளவு காலம் நீடித்தது, எந்த வயதில் தொடங்கியது, எவ்வளவு நெருக்கமானது என்ற நான்கு வகையாலும் அதன் தாக்கம் மாறும் என்றார். நம் மாணவர்கள் இந்த நான்கையும் மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிடுகிறார்கள். அலுவலரோ ‘சேர்க்கை’ என்ற சொல்லோடு நின்றுவிடுகிறார். அந்த நான்கு கேள்விகளை அப்படியே எடுத்துக்கொண்டு ஒரு பையனின் தெருவுக்குப் போனால் கிடைக்கும் அறிக்கை எப்படி இருக்கும் என்று இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

அடையாளம் தெரியாதவாறு விவரங்களை மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். விசைத்தறி ஊர் ஒன்றில், நடந்துபோன பெண்ணிடம் கைப்பேசியைப் பறித்ததாகப் பதினேழு வயதுப் பையன் ஒருவன் பிடிபட்டான். வண்டி ஓட்டியவன் வேறு ஆள்; இவன் பின்னால் உட்கார்ந்திருந்தவன். பகல் வேளையில் அவன் வீட்டுக்குப் போனால் தாய் தூங்கிக்கொண்டிருப்பார்; அக்கம்பக்கத்தார் வந்து ‘நல்ல பையன்தான் சார், சேர்க்கை சரியில்லை’ என்பார்கள்; அதோடு அறிக்கை முடிந்துவிடும். இரவு ஏழு மணிக்குப் போனால்தான், தாய் இரவுத் தறிக்குக் கிளம்பிய பிறகு அந்த வீட்டைப் பூட்டிவிடுகிறார்கள் என்பதும், ஒரே அறையில் தங்கையும் பாட்டியும் படுப்பதால் பையன் பத்து மணி வரை வெளியில்தான் இருக்க வேண்டும் என்பதும், அந்த மூன்று மணி நேரத்தை அவன் கழிக்கும் இடம் வண்டி பழுதுபார்க்கும் பட்டறையின் வாசல் என்பதும், வண்டி ஓட்டியவனோடு அவனுக்குப் பழக்கம் ஏற்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்பதும் தெரியவரும். இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு, ‘நன்னடத்தையில் விடுவிக்கலாம்’ என்ற வரிக்குப் பதிலாக, மாலையில் அவன் எங்கே இருப்பான், யார் பொறுப்பேற்பார், பாதியில் விட்ட பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத யார் பணம் கட்டுவார், கைப்பேசியை இழந்த பெண் அதே வழியாகத்தானே தினமும் வேலைக்குப் போகிறார், அவருடைய அச்சத்துக்கு என்ன செய்வது என்பதையெல்லாம் நிபந்தனைகளாக எழுத முடியும். நீதிபதிக்கு வேண்டியது இதுதான். இதை எழுதுவதற்கு ஆட்களின் அன்றாட நடைமுறை குற்றத்துக்கு எப்படி வாய்ப்பாகிறது என்னும் கோட்பாடும், குற்றவாளி என்று முத்திரை குத்துவதே ஒருவரை அப்படி ஆக்கிவிடும் என்னும் முத்திரையிடல் கோட்பாடும், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களை ஆராயும் பாதிக்கப்பட்டோரியலும் தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் சந்துக்குள் நடந்து பழகியவராகவும் இருக்க வேண்டும். நம் மாநிலம் முதல் பாதியை வகுப்பறையிலும் இரண்டாம் பாதியை அலுவலகத்திலும் தனித்தனியே வைத்திருக்கிறது.

தேவை இனிக் கூடத்தான் போகிறது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதா, சமூக சேவையை ஒரு தண்டனையாகவே முதன்முறையாகச் சேர்த்திருக்கிறது. பொது இடத்தில் குடித்துவிட்டுத் தகாத முறையில் நடப்பது, ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடுவது (முதல்முறை தண்டனை பெறுபவர் அப்பொருளைத் திருப்பித் தந்துவிட்டால்), அவதூறு உள்ளிட்ட ஆறு குற்றங்களுக்கு இது விதிக்கப்படலாம். ஊதியமின்றிச் சமுதாயத்துக்குப் பயன்படும் வேலை என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 23ஆம் பிரிவு இதை விளக்குகிறதே தவிர, எத்தனை மணி நேரம், எந்த வேலை, யார் மேற்பார்வை, செய்யத் தவறினால் யார் அறிக்கை தருவது என்பவற்றைச் சொல்லவில்லை. அரசு மருத்துவமனையில் துடைப்பத்தைக் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுத்துச் செய்தித்தாளில் போடுவதுதான் சமூக சேவை என்று ஆகிவிட்டால், தண்டனையின் பெயரால் அவமானத்தை விதித்ததாகவே முடியும். எந்த வேலை யாருக்குப் பொருந்தும் என்று ஆய்ந்து பரிந்துரைக்கவும், அது முடிந்த பிறகு அந்த ஆள் என்ன ஆனார் என்று பின்தொடர்ந்து பார்க்கவும் ஆள் வேண்டும். சிறைகளின் நிலையும் அதையே சொல்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு சிறைப் புள்ளிவிவரப்படி நாட்டின் சிறைகளில் இருந்த ஏறத்தாழ 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர் உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தைச் சிறையிலேயே கழித்துவிட்டால், சட்டம் வகுத்துள்ள விதிவிலக்குகளுக்கு உட்பட்டு, அவரைப் பிணைப்பத்திரத்தின் பேரில் விடுவிக்க வேண்டும் என்று அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கணக்கைக் கோப்புக் கோப்பாகப் போட்டு, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் மேசைக்குக் கொண்டுசேர்க்கும் வேலையை ஒரு மாணவர் குழு ஒரு பருவத்தில் கற்றுக்கொண்டுவிடும்.

நன்னடத்தை அலுவலர்கள் இப்போது எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 2 தேர்வில் பல துறைகளின் பணிகளோடு இதுவும் ஒன்றாக நிற்கிறது. எல்லாப் பணிகளுக்கும் ஒரே வினாத்தாள்தான். அதில் வென்று வருகிறவர் அறிவாளி என்பதில் ஐயமில்லை; ஆனால் தரவரிசைப்படி வணிகவரி கிடைக்காமல் நன்னடத்தை கிடைத்தவர், அடுத்த தேர்வில் வேறு துறைக்குப் போகும் எண்ணத்தோடுதான் முதல் நாளே வந்து அமர்கிறார். எந்தப் பட்டத்துக்கு என்ன முன்னுரிமை என்று பணி விதியில் எப்படி எழுதப்பட்டிருந்தாலும், ஒரு மனிதரைப் பற்றி விசாரித்து எழுதும் திறமையைச் சோதிக்காத தேர்வு அந்தத் திறமையைக் கொண்டுவராது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 4ஆம் பிரிவையும் இங்கே பார்க்க வேண்டும். குழுமத்தின் சமூகப்பணி உறுப்பினராவதற்கு, குழந்தைகளின் உடல்நலம், கல்வி, நலப்பணிகளில் ஏழாண்டு ஈடுபாடு இருக்க வேண்டும். அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றில் ஒன்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவராக இருக்க வேண்டும். இளங்குற்றம் பற்றித் தனித் தாளே படிக்கும் குற்றவியல் பட்டதாரி அந்தப் பட்டியலில் இல்லை. சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை. திருத்தச் சொல்லிப் பரிந்துரைப்பது மாநில அரசால் ஆகக்கூடியது.

சமூகப்பணி முதுகலை படித்தவர்களின் இடத்தைப் பறிக்க வேண்டும் என்று நான் கேட்பதாக யாரும் எண்ண வேண்டாம். உண்மையில் அவர்களைப் பார்த்துத்தான் இந்தக் கோரிக்கையே எனக்குத் தோன்றியது. அவர்களுடைய படிப்பில் களப்பணி நெடுங்காலமாகவே கட்டாயம். வாரத்தில் சில நாட்கள் ஓர் அமைப்பில் வேலை செய்து, அன்றன்று நடந்ததைப் பதிவேட்டில் எழுதி, மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கித்தான் தேர்ச்சி பெறுகிறார்கள். அந்தப் பதிவேட்டு ஒழுக்கம் குற்றவியலுக்கும் வர வேண்டும்.

பாடத்திட்டக் குழுவினருக்குத் தனியே சில சொற்கள். நம் பாடநூல்கள் இத்தாலியக் குற்றவியலாளர் லொம்ப்ரோசோவில் தொடங்கி, சிகாகோ நகரின் தெருக்கள் வழியாகப் போய், லண்டனின் சிறைச் சீர்திருத்தத்தில் முடிகின்றன. அவை வேண்டியவைதாம். ஆனால் நம் மண்ணில் குற்றவாளி எப்படி உருவாக்கப்பட்டார் என்பது ஒரு பக்கக் குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. 1920ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில் சென்னை மாகாணம் இந்தியாவிலேயே முதலாவதாகக் குழந்தைகள் சட்டத்தை இயற்றியது. தவறு செய்த பிள்ளையைப் பெரியவர்களோடு சேர்த்துச் சிறையில் அடைக்கக் கூடாது என்ற கருத்து சட்டமானது. அதே ஆண்டு ஏப்ரல் 3 அன்று, அதே மாகாணத்தில், உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில், பிறப்பை வைத்துக் குற்றவாளிகள் என்று பதிவு செய்ய வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் உள்ளிட்டோர் உயிரிழந்தனர். ஒரே அரசு ஒரே ஆண்டில் ஒரு பிள்ளையைக் குற்றத்திலிருந்து மீட்கவும், ஒரு சமூகத்தின் எல்லாப் பிள்ளைகளையும் குற்றவாளிகளாக்கவும் சட்டத்தைக் கையிலெடுத்தது. முத்திரையிடல் கோட்பாட்டைக் கற்பிக்க இதைவிடக் கூர்மையான பாடம் எந்த வெளிநாட்டு நூலிலும் கிடைக்காது. மாணவர்கள் இதை அரசியல் மேடைகளில் கேள்விப்படுகிறார்கள். வகுப்பறையில் ஆவணங்களோடு ஆராய்வதில்லை.

இது பழங்கதையும் அன்று. 2024 அக்டோபர் 3 அன்று, சிறைகளில் சாதிப் பாகுபாடு குறித்த சுகன்யா சாந்தா வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சாதியை வைத்து வேலையும் அறையும் ஒதுக்கும் சிறைக் கையேட்டு விதிகள் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானவை என்றது. முன்பு குற்றப் பரம்பரையினர் என்று பட்டியலிடப்பட்டிருந்த சீர்மரபினரை வழக்கமான குற்றவாளிகள் என்ற வரையறைக்குள் கொண்டுவரும் போக்கையும் அது கண்டித்தது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்துவைத்த நடைமுறை அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டிருக்கிறது. மோதலைத் தவிர்க்கவே பிரித்தோம் என்ற விளக்கத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தச் சிறையின் அருகிலேயே குற்றவியல் கற்பிக்கும் பல்கலைக்கழகம் இருக்கிறது. பிரித்துவைப்பதை நிறுத்தினால் மோதலை எப்படித் தவிர்ப்பது என்ற கேள்வி சிறைக் கண்காணிப்பாளருக்கு உண்மையான தலைவலி. அதற்கு விடை காணும் ஆய்வை யார் செய்வது என்று கேட்டால், அந்தப் பட்டத்துக்குப் படிப்பவர்களும் அதைக் கற்பிப்பவர்களும்தான் என்பேன். தலைக்கவசத்தை விட்டுவிட்டு இதற்கு வர அவர்களுக்கு ஒரு வழி வேண்டும்.

புள்ளிவிவரத் தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தாலும் அவற்றில் கடுமையான ஒன்றை மட்டுமே தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கில் எடுக்கிறது. புகாராகவே வராத குற்றங்கள் அதில் இருக்க வழியில்லை. 2003இல் ஐ.நா. ஆய்விதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, சென்னை, கோவை, மதுரை, திருச்சி மக்களிடம் நேரில் கேட்டுப் பாதிக்கப்பட்டோர் கணக்கைத் திரட்டியது. தமிழ்நாட்டில் செய்யக்கூடியதுதான் என்பதற்கு இதுவே சான்று. ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்கள் சேர்ந்து ஒரு மாவட்டத்தில் இதைச் செய்தால், கூகுள் படிவத்துக்கு வேலை இருக்காது. மாநிலத்துக்கும் தொடர்ச்சியான ஒரு தரவு கிடைக்கும்.

பாதுகாப்பு, இரகசியம் என்ற காரணங்களை உள்துறை அலுவலர்கள் முன்வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். நானும் அந்தப் பக்கத்தில் இருந்தவன்தான். நன்னடத்தை அறிக்கை இரகசியமானது என்று 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவே சொல்கிறது. சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. மருத்துவ மாணவர் நோயாளியின் கோப்பைப் பார்க்காமல் மருத்துவர் ஆவதில்லை. அவரிடமிருந்து என்ன உறுதிமொழி வாங்குகிறோமோ அதையே இவர்களிடமும் வாங்கலாம், மீறினால் பட்டமே கிடையாது என்று விதிக்கலாம். நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. காலிப் பணியிடங்களை நிரப்பாமல் மாணவர்களைக் கொண்டு ஒப்பேற்றும் வழியாக இது ஆகிவிடக் கூடாது. மாணவர் எழுதும் அறிக்கை பயிற்சி அறிக்கையாகவே இருக்க வேண்டும். நீதிமன்றத்துக்குப் போவது, பொறுப்புள்ள அலுவலர் தானே விசாரித்துக் கையெழுத்திட்டதாக இருக்க வேண்டும். அதேபோல் மாணவர்களுக்குப் போக்குவரத்துச் செலவையாவது கொடுங்கள். கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண், வேற்றூர்ப் பேருந்துக்குத் தன் கைக்காசைச் செலவழித்துக் களப்பணி செய்வாள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மற்றொன்று மொழி. கோட்பாட்டை ஆங்கிலத்தில் படித்த மாணவர், அறிக்கையைத் தமிழில் எழுத வேண்டியிருக்கிறது. அடையாளங்கள் நீக்கப்பட்ட நல்ல அறிக்கைகள் சிலவற்றைத் தொகுத்து, ஒவ்வொன்றும் ஏன் நன்றாக இருக்கிறது என்ற குறிப்புகளோடு தமிழில் ஒரு பயிற்சி நூல் வெளியிட்டால் இந்த இடைவெளி பாதியாகக் குறையும். 1979 முதல் தென்மாநிலச் சிறை அலுவலர்களுக்குப் பயிற்சி தந்துவரும் வேலூர் சிறை, சீர்திருத்த நிர்வாகப் பயிலகம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. அதன் ஆசிரியர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் சேர்ந்து அமர்ந்தால் ஒரு கோடை விடுமுறையில் முடியக்கூடிய வேலை.

எல்லா மாவட்டங்களிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. திருநெல்வேலியில் பல்கலைக்கழகமும் மத்திய சிறையும், வழக்கில் சிக்கிய சிறுவர்களைத் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லமும் மாவட்ட நீதிமன்றமும் ஒரு நகரப் பேருந்துத் தொலைவில் இருக்கின்றன. அங்கே மட்டும் வரும் கல்வியாண்டின் மூன்றாம் பருவத்துக்கு, இரு துறைகளும் பல்கலைக்கழகமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, மாணவர்களை அலுவலருக்கு இருவராகப் பிரித்து அனுப்பலாம். அனுமதி கேட்டு வரும் ஆய்வு விண்ணப்பத்துக்கு முப்பது நாட்களுக்குள் ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் பதில் தர வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். அடுத்த தொகுதி 2 அறிவிக்கைக்கு முன், நன்னடத்தை அலுவலர் பணிக்கு மட்டும் ஒரு வழக்குக் கோப்பைக் கொடுத்து அறிக்கை எழுதச் சொல்லும் தனித் தாளைச் சேர்க்க இயலுமா என்று தேர்வாணையத்தைக் கேட்டு எழுதலாம். இம்மூன்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை.

பயிற்சி தொடங்கினால், மாணவர்கள் எழுதும் அறிக்கைகளை அவர்களோடு அமர்ந்து திருத்தித் தர ஊதியம் எதுவும் பெறாமல் நான் வருகிறேன். ஓய்வுபெற்ற என் நண்பர்கள் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தங்களிடமிருந்து பதில் வந்ததும் அவர்களுடைய பெயர்களையும் முகவரிகளையும் தனியே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர் ஒருவர்